அரைநூல் மாமாவின் மிஷின்

உலகத்தில் எந்தப் பொருளும் நேராக இல்லை என்பதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தார். கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருந்தால் பாதகமில்லை. அதைச் சரிசெய்யவும் கிளம்பினார். அதில் போய் ஒரு பெண்ணின் முழங்கால் மாட்டிக்கொண்டது.

கடலூர் முதுநகரில் அவரை அரைநூல் என்றால்தான் தெரியும். கொத்தனாரும் தச்சரும் சொல்லும் நூல் இருக்கிறதே, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதில் பாதி. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "அரை நூல் சாஞ்சிருக்கு" என்பார். புதுக் கடையின் பெயர்ப்பலகை, எங்கள் வீட்டு பீரோ, திருவந்திபுரம் கோயிலில் மாலையும் கழுத்துமாக நின்ற மாப்பிள்ளையின் தலைப்பாகை, எதுவும் தப்பாது. சலூனில் கிருதா ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று தகராறு செய்தபோது முடிவெட்டுபவர் பொறுமையிழந்து, "சார், கிருதா சரியாத்தான் கீது. உங்க காதுதான் ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கியிருக்கு" என்றார். மாமா வீட்டுக்கு வந்து காதுகளை அளந்துவிட்டு, அடுத்த முறை அவரிடம் மன்னிப்பும் கேட்டு, பத்து ரூபாய் கூடவும் கொடுத்தார்.

அவர் தொழில் பத்திரம் எழுதுவது. 'சற்றேறக்குறைய', 'கூடுதல் குறைவு இருப்பினும்' என்ற சொற்கள் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒரு மனைகூடக் கைமாறாது. அவற்றைப் பகல் முழுக்க எழுதி எழுதி அவருக்கு ஒவ்வாமையே வந்துவிட்டது என்பது என் கணிப்பு.

"நாள் பூரா பொய் அளவு எழுதுறேன் பாப்பா. வீட்ல ஒண்ணாச்சும் நெசம் பேசணும்" என்பார்.

வீட்டில் நிஜம் பேசுகிற ஒருவர் ஏற்கெனவே இருந்தார். அத்தை. அவர் மனைவி. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஒன்றில் எல்.கே.ஜி. டீச்சர். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனதால், தொடையிலிருந்து பாதம் வரை இரும்புப் பட்டை வைத்த காலிபர் அணிந்திருப்பார். அதில் முழங்காலுக்கு நேராக ஒரு கீல் உண்டு. எழுந்து நின்றால் ஒரு சின்னச் செவ்வக வளையம் சரிந்து வந்து கீலின்மேல் உட்கார்ந்து, கால் மடங்காமல் பிடித்துக்கொள்ளும். உட்காரும்போது விரலால் தூக்கிவிட வேண்டும். தீப்பெட்டியில் பாதிகூட வராத வளையம்தான். பல வருஷம் தேய்ந்து அது லொடலொடத்துப் போயிருந்தது. நடக்கும்போது தானாக மேலே ஏறிவிடும், கால் மடங்கிவிடும். அதனால் அத்தை புடவைக்கு மேலாக முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டே நடப்பார். அவருக்கு எப்போதும் ஒரு கைதான் மிச்சம்.

துறைமுகத்துப் பக்கம் படகு இன்ஜின் பார்க்கும் லேத் பட்டறைகள் வரிசையாக இருந்தன. அங்கே கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் செய்து தருவார்கள். மாமாவிடம் இதைச் சொன்னவர்கள் மறுபடி சொல்லவில்லை.

"போட்டு இன்ஜினுக்கு ஷாஃப்ட்டு அடிக்கிறவன்கிட்ட எம் பொண்டாட்டி காலைக் குடுக்கச் சொல்றியா? நானே பண்ணிக் குடுக்கிறேன்."

இப்படித்தான் மிஷின் வந்தது. பரங்கிப்பேட்டையில், சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பாய் ஒருவர் வீட்டில் கிடந்த மில்லிங் மிஷின். சுழலும் வெட்டுளியால் இரும்பைச் சீவி வடிவம் கொண்டுவரும் இயந்திரம். தொழிற்சாலையில் ஆள் உயரத்துக்கு நிற்குமே, அதை மேஜைமேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கி, பொழுதுபோக்குக்காரர்களுக்காகச் சீனாவில் செய்தது. சுருக்கும்போது விலையோடு சேர்த்து மனசாட்சியையும் சுருக்கியிருந்தார்கள்.

"இன்ஷா அல்லாஹ், உங்க கையில நல்லா ஓடும்" என்று சொல்லி பாய் தானே ஒரு பக்கம் பிடித்து வேனில் ஏற்றிவிட்டார். வேன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தாராம். அது பிரியத்தில் இல்லை என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. ஒரு உதிரி பாகம் கேட்டு மாமா போனபோது, "நானும் சிங்கப்பூர்ல இருந்த காலம் பூரா அதைத்தான் ரிப்பேர் பண்ணிட்டு இருந்தேன்" என்று ஒப்புக்கொண்டார்.

நான் அப்போது சிதம்பரத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்திருந்தேன். அகலப்பாதை வேலைக்காக ரயில் பாதையைப் பெயர்த்துப் போட்டிருந்த வருஷங்கள். தினமும் பஸ்தான். சாயங்காலம் நசுங்கி வந்து இறங்கினால் மாமா சன்னல் வழியாகக் கூப்பிடுவார். "இன்ஜினியரம்மா! இங்க வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போ." முதல் நாளே நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டேன். குறைகளுக்கு என் விரல்கள் போதவில்லை.

முதலாவது, கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று வரை மேஜை நகராது. யோசித்துவிட்டு நகரும். இரண்டாவது, கைப்பிடியில் பொறித்திருந்த கோடுகள் ஒரு தூரத்தைச் சொல்லும், மேஜை வேறு தூரம் போயிருக்கும். மாமாவுக்கு இது பத்திர ஆபீஸையே நினைவுபடுத்தியது. மூன்றாவது, மோட்டாரைத் தாங்கிய தலைப்பகுதியைத் தூக்கிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் உண்டு, அது சோம்பேறி. வேலை நடுவில் தலை மெல்ல இறங்கிவிடும். நான்காவதைப் பார்த்தபோதுதான் மாமா ஆடிப்போனார். மிஷினின் முதுகெலும்பான தூண், பின்னால் இருக்கும் ஒரே ஒரு நட்டில் நின்றுகொண்டிருந்தது. அதுவும் சாய்ந்து.

"அரை நூலா மாமா?"

"அரைக்கால் நூல்" என்றார். அவர் குரலில் இருந்தது கோபமா சந்தோஷமா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை.

தூணுக்கடியில் வைக்கத் தகடு வேண்டும். கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டினார். இறங்கும் தலைக்கு, பழைய மாருதி வேனின் பின்கதவைத் தூக்கிப் பிடிக்கும் கேஸ் கம்பியைக் கொண்டுவந்து கட்டினார். உள்ளே இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் பல் உதிர்ந்தபோது பெல்ட்டுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அத்தையின் தையல் மிஷினுடைய பெல்ட் போனது. அதோடு அத்தை தைப்பதும் போனது. கடல் காற்றில் துருப்பிடிக்கிறது என்று சமையலறைத் தேங்காய் எண்ணெய் போனது. அத்தை கடுகு தாளிக்கப் போனால் எண்ணெய் இருக்காது. மிஷின் மட்டும் தலைக்குக் குளித்த பெண்ணைப் போலப் பளபளவென்று நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மிஷினைச் சரிசெய்யும் பாகத்தை மிஷினில்தான் செய்ய வேண்டும். மிஷின் சரியில்லாததால் பாகம் சரியாக வராது. பாகம் சரியாக வராததால் மிஷின் சரியாகாது. இந்த வட்டத்துக்குள் மாமா மாடு போலச் சுற்றினார். கரண்ட் போகிற நேரத்தில் மட்டும் நின்று மூச்சு வாங்குவார்.

வந்தவர்கள் கேட்பார்கள். "சார், இதுல இன்னா செய்வீங்க?"

"இதைத்தான் செய்வேன்" என்பார். அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

இரண்டாவது வருஷ மழைக்காலத்தில் அத்தை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வளையம் ஏறி, கால் மடங்கி, கீழே விழுந்தார். முழங்காலை அழுத்திக்கொண்டிருந்த கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்தது. மறுநாள் காலை மாமா டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நின்ற பஸ்களின் படியையெல்லாம் அளந்தார்.

"தரையிலிருந்து இவ்ளோ ஒசரமா? ஒரு மனுசி எறங்கற ஒசரமாய்யா இது?"

"சார், பஸ்ஸ அளக்கறதுக்குத் தனி டிக்கெட்டு" என்றாராம் கண்டக்டர். தெருவே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ்ஸை அளந்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்து, தூணுக்கடியில் தகட்டை மாற்றிக்கொண்டிருந்த மனிதரைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து அறையில் அத்தை மாவுக்கட்டுக்குள் ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார்.

பழைய வளையத்தின் அளவை எடுத்துக்கொண்டு போய், கல்லூரிப் பட்டறையில் அனுமதி வாங்கி, நானே ஒன்று செய்துகொண்டு வந்தேன். மாமா மைக்ரோமீட்டரை எடுத்தார். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார்.

"டைட்டா இருக்கு. உள்மூலையில பிசிறு."

"அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தா சரியாப் போயிடும் மாமா."

"அரமா!" பூஜை அறையில் நின்று கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். "அரம் மனுசன் கை போற போக்குல போகும். இவ கால் கை போற போக்குல போற சாமான் இல்ல."

நான் அவரை விட்டுவிட்டு அத்தையிடம் போனேன். "நீங்க மாட்டிக்குங்க அத்தே. அவருக்கு எதுக்குச் சொல்லணும்?"

"வேணாம் கண்ணு. அவரு மனசு நோவும்."

"உங்க கை நோவலையா?"

அத்தை ஈர்க்குச்சியை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார். இரண்டு பேர் மேலும் எனக்கு ஒரே அளவில் ஆத்திரம் வந்தது.

அடுத்த வாரம் போனபோது என் வளையத்தைப் பார்த்தேன். பக்கவாட்டில் துளை போட்டு, திருகாணி இறக்கி, மிஷினின் தலை இறங்காமல் தடுக்கும் பட்டையில் மாட்டியிருந்தார்.

"நல்ல வளையம் பாப்பா. தலையை எப்படிப் புடிச்சி நிறுத்துது பாரு!"

முழங்காலுக்குச் செய்தது கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டில் எந்த இரும்பு நுழைந்தாலும் அது மிஷின் வாய்க்குள்தான் போகும் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டு, நான் அந்தச் சன்னல் பக்கம் பார்ப்பதை நிறுத்தினேன். மாமா சன்னலிலிருந்து கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

நான் கடைசி வருஷம் படித்தபோது பள்ளிக்கூடத்துக்குப் புது மாடி கட்டினார்கள். விஜயதசமி அன்று புதுப் பிள்ளைகளைச் சேர்த்து, எல்.கே.ஜி.யை மாடியில் தொடங்குவதாக ஏற்பாடு. ஹெட்மிஸ்ட்ரஸ் அத்தையைக் கூப்பிட்டு, "டீச்சர், ஸ்டெப்ஸ் ஏற முடியலன்னா சங்கடப்படாதீங்க. கீழ ஆபீஸ்ல ஃபீஸ் டோக்கன் குடுக்கற வேலை இருக்கு" என்று ரொம்ப அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னதால் சண்டையும் போட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தை ஒன்றே ஒன்றுதான் சொன்னார். மிஷினைப் பார்த்துச் சொன்னார், மாமாவைப் பார்த்து அல்ல.

"எனக்கு 'அ' எழுதக் கத்துக் குடுக்கத் தெரியும். டோக்கன் கிழிக்கத் தெரியாது."

மாமா மிஷின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். "விஜயதசமிக்கு முன்னால உன் கால்ல மாட்டறேன்."

அதற்கப்புறம் அவர் உழைத்த உழைப்பு இருக்கிறதே! பத்திரம் எழுதப் போவதையே பாதி நாள் நிறுத்தினார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் தெருவையே வீட்டுக்குக் கூப்பிட்டார். டயல் கேஜ் என்று ஒரு கருவி, கடிகாரம் போல முள் வைத்தது. மயிரிழை கோணல் இருந்தாலும் முள் ஆடும். அதை மிஷினில் மாட்டி மேஜையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினார். முள் அசையவில்லை. மாமாவின் கண் கலங்கிவிட்டது.

பால்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், முள்ளு ஓடலியே, செல்லு போயிடுச்சா?" என்றார்.

"இப்பவே பண்ணிடுங்க மாமா" என்றேன் நான். சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது.

மறுநாள் கரண்ட் இருந்தது. ஆனால் ஆயுத பூஜை. மிஷினுக்கு லீவு. "நாளைக்கு விடியக்காலையில அஞ்சு நிமிச வேலை. சாமி கும்பிட்டுட்டு நிம்மதியாப் பண்றேன்" என்று மிஷினுக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார். எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைக்கிற கட்டம் வந்தது.

அங்கேதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. போன வருஷம் தேங்காய் கோணலாக உடைந்ததால்தான் எல்லாம் தள்ளிப்போனது என்று ஒரு எண்ணம் அவர் மனதில் இருந்திருக்கிறது. இந்த வருஷம் சரிபாதியாக உடைய வேண்டும். சரிபாதிக்கு வீட்டிலேயே மிஷின் இருக்கிறது.

"இன்னிக்கு மிஷின் ஓட்டக் கூடாதே" என்றார் அத்தை.

"வேலைக்கு ஓட்டினாத்தான் தப்பு. இது பூஜைக்கு."

தேங்காயைப் பிடிப்பானில் இறுக்கி, வட்டத் தகடு போன்ற வெட்டுளியை மாட்டி, நடுவில் சுற்றிவரக் கோடு இழுக்க ஆரம்பித்தார். வந்த நாளிலிருந்து அந்த மிஷின் தன்னைத் தவிர வேறொன்றை வெட்டியது அதுதான் முதல் தடவை. கோடு என்ன அழகாக விழுந்தது என்கிறீர்கள்! நானே வாயைப் பிளந்தேன். முக்கால் வட்டம் வந்தபோது ஓடு பொத்துக்கொண்டு, தேங்காய்த் தண்ணீர் பீய்ச்சி அடித்து, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின் பலகைக்குள் நேராக இறங்கியது.

புகை வந்தது. கற்பூரப் புகை என்று நினைத்து நாங்கள் எல்லோரும் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டோம். வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தோம்.

தேங்காய் சரிபாதியாக உடைந்திருந்தது.

புதுப் பலகை சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். விஜயதசமி நாளைக்கு. அத்தை இரண்டு மூடிகளையும் தட்டில் எடுத்து வைத்தார். பிறகு, காய்கறி விலை சொல்வதைப் போல, "விடுங்க. நான் கையால அழுத்திகினே ஏறிடுவேன்" என்றார். உடைந்து கூடிய கை அது.

மாமா மிஷினைப் பார்த்தபடி நின்றார். பிறகு திருகுளியை எடுத்து, தலையைத் தாங்கிக்கொண்டிருந்த வளையத்தின் திருகாணியைக் கழற்றினார். வளையம் கையில் வந்தது. பிடி போனதும் மிஷினின் தலை, மாலையும் குங்குமமுமாக, மெதுவாக இறங்கித் தேங்காய் நார்மேல் கவிழ்ந்தது. மூன்று வருஷமாகப் பாடுபட்டு நிறுத்திய தலை.

என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "பாப்பா, உங்க வீட்ல அரம் இருக்கா?"

எங்கள் வீட்டு அரம் அன்றைக்கு எங்கள் பூஜையில் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தது. எடுத்து வந்து கொடுத்தேன். மாமா குங்குமத்தை வாயால் ஊதிவிட்டுப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். தேய்ப்பதும், அத்தை காலில் மாட்டிப் பார்ப்பதும், மறுபடி தேய்ப்பதுமாக, பொழுது சாய்வதற்குள் வளையம் தானாகச் சரிந்து கீலில் போய் உட்கார்ந்தது. டக் என்று ஒரு சத்தம்.

"சே! அரை நூல் ஜாஸ்தி தேஞ்சிடுச்சு" என்றார்.

அத்தை எழுந்து கூடத்தில் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் டக், டக். ஆனால் வளையம் ஏறவில்லை. அத்தையின் அந்தக் கை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஒரு அரம், ஒரு சாயங்காலம், அவ்வளவுதான் வேலை. அதற்காக மூன்று வருஷம், ஒரு மணிக்கட்டு, ஒரு தையல் மிஷின். அதுவும் அவர் வேண்டாம் என்று தள்ளிய வளையத்திலேயே. அது என்னுடையது என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. "இது டெம்ப்ரவரிதான். போர்டு வந்ததும் சரியா ஒண்ணு பண்றேன்" என்று மட்டும் சொன்னார். அரத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போர்டு வந்தது. தலையை மறுபடி நிறுத்தினார். தூண் மறுபடி சாய்ந்தது. போன வருஷக் கடைசியில் வந்த புயலில் ஓடெல்லாம் பறந்து, மிஷின் உப்புத் தண்ணீரில் ஊறி, இப்போது ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறார். முகத்தில் அப்படியொரு தெளிச்சி. டெம்ப்ரவரி இன்னும் அத்தை காலில்தான் இருக்கிறது.

நான் இப்போது வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திருப்பி அனுப்புவதற்குத்தான் சம்பளம். போன மாதம் ஊருக்கு வந்தபோது, ஒருநாள் காலையில் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கடந்து போனேன். மாடிப்படியின் கீழே மாமா நின்றுகொண்டிருந்தார். தினமும் அத்தையைக் கொண்டுவந்து விடுகிறாராம். அத்தை ஒரு கையில் பரீட்சைத் தாளும் மறு கையில் ஒரு பிள்ளையின் விரலுமாக ஏறிக்கொண்டிருந்தார். டக், டக், டக். மாடியில், "டீச்சர் வர்றாங்க!" என்று கத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடி உட்காரும் சத்தம் கேட்டது.

எதையும் ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறவர் அப்போது இரண்டு கண்ணையும் விரியத் திறந்து வைத்திருந்தார். கைகள் இரண்டும், விழுகிற எதையோ ஏந்தப் போவதைப் போல, சற்று முன்னால் நீண்டிருந்தன. கடைசி டக் கேட்டு நின்ற பிறகுதான் கீழே இறங்கின.

பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவசரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, படியின் கைப்பிடிக் கம்பியைப் பார்த்து ஒரு கண்ணை மூடினார்.

"கம்பி அரை நூல் சாஞ்சிருக்கு, பாத்தியா இன்ஜினியரம்மா?"

நானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். கம்பி நேராகத்தான் இருந்தது.

"ஆமா மாமா" என்றேன். "அரை நூல்."